அறுபது பேருக்கு ஒரே கதவு

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. நான்கு ஆண்டுகளாக மொரிஷியஸில், எபேனில் ஒரு கணக்குப்பதிவு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐடி பிரிவு என்றால் நான் ஒருவன்தான். பிரான்ஸ், இங்கிலாந்து கம்பெனிகளின் கணக்கும் சம்பளப் பட்டியலும் இங்கே தயாராகின்றன. ஊழியர்கள் 60 பேர். ரோட்ரிக்ஸ் தீவுக் கிளையில் இன்னும் 4 பேர். கொரோனா காலத்தில் ஃபயர்வால் என்ற நெட்வொர்க் காவல் கருவியோடு, வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய 25 லைசென்ஸ் கொண்ட எஸ்எஸ்எல் விபிஎன் போட்டோம். இன்றும் அதுதான் ஓடுகிறது. பெலால் புயல் வந்த வாரத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து நுழையப் பார்த்தார்கள். 25 பேர் உள்ளே போனார்கள், மற்றவர்கள் எனக்குப் போன் செய்தார்கள். இப்போது ஃபயர்வாலைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன: அதே கம்பெனியின் பெரிய மாடல், ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்று ஒரு கிளவுட் 'ஜீரோ டிரஸ்ட்' சேவை, நண்பன் சொல்லும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள், அது இலவசம். எங்கள் இயக்குநர் கணக்காளர். "மூன்றையும் அட்டவணை போட்டுக் கொண்டு வா, மலிவானதற்குக் கையெழுத்து" என்கிறார். எதைத் தேர்ந்தெடுக்க?

பதில்: அன்புள்ள தம்பி,

அட்டவணை கேட்டதற்காக இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் அது. ஆனால் அரிசி, அரைத்த மாவு, சுட்ட தோசை மூன்றுக்கும் கிலோ விலை போட்டு ஒப்பிட்டால் என்ன வருமோ அதுதான் இந்த அட்டவணையிலும் வரும். முதலாவது ஒரு பெரிய வாசற்கதவு. இரண்டாவது ஒவ்வொரு அறைக்கும் ஒரு காவலாள், மாதச் சம்பளத்தில். மூன்றாவது மிக நல்ல பூட்டு. கதவையும் நிலையையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும். விலைக்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு திருடுபோனால் திருடன் எதுவரை போகலாம்? அந்தக் கருவியில் ஓட்டை என்று செய்தி வரும் நாளில் அதை அடைக்க யார் இருப்பார்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு உங்கள் அலுவலகத்தில் ஒரே விடை: நீங்கள்.

பெலால் என்று எழுதியிருந்தீர்கள். 2024 ஜனவரி 15, தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் கார்கள் மிதந்ததை மறக்க முடியாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதே மாதத்தில் இன்னொரு வெள்ளமும் வந்தது. 10ஆம் தேதி, இவாண்டி நிறுவனத்தின் 'கனெக்ட் செக்யூர்' என்ற விபிஎன் கருவியில் இரண்டு ஓட்டைகள் இருப்பது வெளியானது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பாஸ்வேர்டே இல்லாமல் கருவிக்குள் புகுந்து கட்டளைகளை ஓட்டலாம். அறிவித்த அன்று ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் இல்லை, ஒரு தற்காலிகத் தடுப்பு மட்டும் கொடுத்தார்கள். முதல் பேட்ச் 31ஆம் தேதிதான் வந்தது. அன்றைக்கே அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, அரசு அலுவலகங்களில் உள்ள அந்தக் கருவிகளை 48 மணி நேரத்துக்குள் இணைப்பிலிருந்து கழற்றும்படி உத்தரவிட்டது.

இந்தத் தேதிகளை நம் காலண்டரில் வைத்துப் பாருங்கள். ஓட்டை வெளியாகி ஐந்தாம் நாள் புயல். 25ஆம் தேதி காவடி. பிப்ரவரி 1 அடிமைமுறை ஒழிப்பு நாள் விடுமுறை. அந்தக் கருவி உங்கள் சர்வர் அறையில் இருந்திருந்தால், காவடி எடுத்து வந்த காலோடு நீங்கள் எபேனுக்கு ஓடியிருப்பீர்கள். அல்லது ஓடாமல் இருந்திருப்பீர்கள், அது இன்னும் மோசம்.

ஒரு கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதே 2024 பிப்ரவரியில் ஃபோர்டிநெட்டின் எஸ்எஸ்எல் விபிஎன்னிலும், ஏப்ரலில் பாலோ ஆல்டோவின் குளோபல்புரொடெக்டிலும் இதே வகை ஓட்டைகள் வெளியாயின. பாலோ ஆல்டோவுக்குக் கிடைத்த ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. எஸ்எஸ்எல் விபிஎன் என்பது அடிப்படையில் ஒரு வெப்சைட். லாக்-இன் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைத்துக்கொண்டு போர்ட் எனப்படும் இணைய வாசல்களில் 443ஆவதில் இருபத்திநாலு மணி நேரமும் காத்திருக்கும். யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம், தட்டித் தட்டி எங்கே மரம் உளுத்திருக்கிறது என்று பார்க்கலாம். விற்றவர்களுக்கே இது தெரியும். ஃபோர்டிநெட் தன் 7.6.3 பதிப்பில் எஸ்எஸ்எல் விபிஎன்னின் டன்னல் முறையையே எடுத்துவிட்டு, ஐபிசெக் என்ற வேறு விபிஎன் முறைக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டது.

ஆகவே முதல் யோசனை பற்றி என் முடிவு: ஃபயர்வால் வாங்குங்கள், ஆனால் விபிஎன்னுக்காகப் பெரிய மாடல் வாங்காதீர்கள். எந்தக் கம்பெனியின் கருவியானாலும் கையேட்டில் 'ஃபயர்வால் வேகம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டு, கீழே சின்ன எழுத்தில் 'எஸ்எஸ்எல் விபிஎன் வேகம்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். முதல் எண்ணில் ஒரு சிறு பங்குதான் அங்கே இருக்கும். உங்கள் 25 பேரும் புயலன்று மெதுவாக நகர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரோட்ரிக்ஸ் கிளை வேறு கதை. அங்கே ஆட்கள் இடம் மாறுவதில்லை. இரண்டு முனையிலும் உங்கள் ஃபயர்வால். 2019இல் மார்ஸ் கடலடிக் கேபிள் வந்த பிறகு நல்ல ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. இரண்டு ஃபயர்வால்களுக்கு நடுவே ஐபிசெக், சாவி பரிமாற ஐகேஇவி2 நெறி, நீளமான சாவி அல்லது சான்றிதழ், மறுமுனையின் முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும் விதி. அவ்வளவுதான். இதற்கு எந்தக் கிளவுட் சேவைக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

இனி முதல் கேள்வி. திருடன் எதுவரை போகலாம்?

2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நின்றது. ஹேக்கர்கள் உள்ளே போன வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. 2024 பிப்ரவரியில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் ஹேக்கர்களிடம் விழுந்து அமெரிக்க மருந்துக்கடைகள் தடுமாறின. அங்கேயும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு ரிமோட் நுழைவாயில்தான் வழி. இவ்வளவு பெரிய நிறுவனங்கள், இவ்வளவு சின்ன காரணம். உங்கள் கடிதத்தில் லைசென்ஸ் எண்ணிக்கை இருந்தது, விலை இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுத மறந்திருந்தால் மகிழ்ச்சி. இல்லாமலே ஓடுகிறது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அதைப் போட்டுவிட்டு வாருங்கள். மூன்று கொட்டேஷனும் காத்திருக்கும்.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றும் இல்லாததற்குத் தேவலாம், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். கைபேசியில் 'அனுமதிக்கவா?' என்று கேட்கும் முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. நடு இரவில் திரும்பத் திரும்பக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாராவது 'சரி'யை அழுத்திவிடுவார்கள். 2022இல் ஊபருக்குள் புகுந்தவன் அப்படித்தான் புகுந்தான். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து திரையில் தெரியும் எண்ணைக் கைபேசியில் தட்டச் சொல்கிறது. சம்பளப் பட்டியலைத் தொடுகிறவர்களுக்கும் உங்களுக்கும் மட்டுமாவது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் பாஸ்கீயோ கொடுங்கள். போலி லாக்-இன் பக்கத்தில் அவை வேலை செய்யாது, ஏமாந்து கொடுத்துவிடவும் முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு லேப்டாப்பில் வைரஸ் புகுந்தால்? பழைய விபிஎன்னில் உள்ளே வந்த லேப்டாப் அலுவலக நெட்வொர்க்கில் கேபிள் செருகிய லேப்டாப் மாதிரியே ஆகிவிடுகிறது. ஃபைல் சர்வர், பிரிண்டர், பேக்கப் பெட்டி, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர், எல்லாமே அதன் கண்ணில் படும். ஜீரோ டிரஸ்ட் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது: உள்ளே வந்துவிட்டான் என்பதற்காக நம்பாதே, அவனுக்கு வேண்டிய அறையை மட்டும் திற, ஒவ்வொரு முறையும் யார் என்று கேள். 2010இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இந்தப் பெயரைப் பரப்பினார். கூகுள் தன் ஊழியர்களுக்கே இதைச் செய்துகாட்டியது. 2020இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதற்கு ஒரு ஆவணமே வெளியிட்டது. அதற்குப் பிறகு எல்லா விற்பனைப் பிரதிநிதிகளும் தங்கள் பழைய சரக்கின் மேல் இந்தச் சீட்டை ஒட்டிக்கொண்டார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: கணக்குப் பிரிவில் இருப்பவருக்குச் சம்பள மென்பொருள் தெரியாமலே இருக்கும்படி செய்யலாமா? அலுவலகப் பக்கத்தில் வெளியிலிருந்து தட்டக்கூடிய போர்ட் ஏதாவது திறந்திருக்குமா? நல்ல சேவைகளில் உங்கள் சர்வர் அறையில் ஒரு சின்ன 'கனெக்டர்' மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அது உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுக்கும். வெளியிலிருந்து தட்டக் கதவே இருக்காது. சென்ற ஆண்டுகளின் பேட்ச் ஓட்டங்களில் பாதி உங்களை விட்டுப் போய்விடும்.

இதில் சட்டமும் வருகிறது. நம் மொரிஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தனிநபர் தகவல் கசிந்தால் முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பிரெஞ்சுக் கம்பெனிகளுக்காக வேலை செய்கிறவர்கள் என்பதால் தாமதிக்காமல் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது, "எங்கள் ஆட்களில் யாருடைய சம்பள விவரம் போனது?" என்பதுதான். பழைய விபிஎன்னின் பதிவேட்டில் 'இரவு 2.10க்கு இன்னார் நுழைந்தார், 4.35க்கு வெளியேறினார்' என்று மட்டும் இருக்கும். நடுவில் எந்த அறைக்குப் போனார் என்று இருக்காது. அறைவாரியாகத் திறக்கும் முறையில் அறைவாரியாகப் பதிவும் இருக்கும். இதை இயக்குநரிடம் சொல்லுங்கள். வவுச்சர் இல்லாத செலவைக் கணக்காளர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது யோசனையில் இருக்கும் குழிகள். இரண்டும் நம் ஊருக்கே உரியவை.

ஒன்று, தூரம். இந்தச் சேவைகளில் ஊழியரின் லேப்டாப் முதலில் அந்தக் கம்பெனியின் பக்கத்து மையத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வரும். பக்கத்து மையம் எங்கே இருக்கிறது? பல கம்பெனிகளுக்கு நமக்கு அருகில் இருப்பது தென்னாப்பிரிக்காதான். எபேனுக்குப் பக்கத்து ஊரான காத்ர் போர்னில் இருப்பவர் எபேனுக்குப் போக ஜோகன்னஸ்பர்க் வழியாக பஸ் பிடிக்கிற மாதிரி. ஒரு வழி 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அந்தக் கணக்கில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர 60 மில்லிசெகண்டுக்குக் குறையாது, கேபிளின் வளைவு நெளிவு தனி. வெப்சைட்டுக்குப் பரவாயில்லை. ஃபைல் சர்வரில் இருக்கும் பெரிய எக்செல் ஒன்றைத் திறந்தால் அது நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 60 என்றால் ஊழியர் காபி போட்டுவிட்டு வந்துவிடலாம். இப்படிச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் கம்பெனிக்கு போர்ட் லூயியிலேயே மையம் இருக்கிறது. டெயில்ஸ்கேல், நெட்பேர்டு போன்றவை முடிந்தபோதெல்லாம் லேப்டாப்பையும் அலுவலகத்தையும் நேருக்கு நேர் இணைத்துவிடும். எதுவாக இருந்தாலும் பிரதிநிதியின் வாயை நம்பாமல், ஒரு ஊழியரின் வீட்டில் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று, வெளியேறும் முகவரி. உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் யாராவது, 'உங்கள் அலுவலக ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் எங்கள் சர்வரைத் திறப்போம்' என்று வைத்திருப்பார்கள். இந்தத் தொழிலில் அது மிகச் சாதாரணம். கிளவுட் சேவைக்கு மாறிய மறுநாள் ஊழியர்கள் வேறு முகவரியிலிருந்து வெளியேறுவார்கள், பாரிஸில் இருக்கும் சர்வர் கதவைச் சாத்தும். முகவரியைத் தனியாகக் கொடுப்போம் என்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம், அது கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் அந்த வாடிக்கையாளர்களின் முகவரிகளுக்கு மட்டும் போக்குவரத்தை எபேன் அலுவலகம் வழியாகத் திருப்பலாம். எந்த வழியென்று கையெழுத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, யார் யார் ஐபி பூட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மதியம் உட்கார்ந்து எழுதுங்கள்.

கிளவுட் சேவையும் சாமி அல்ல. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் உலகம் முழுக்கச் சில மணி நேரம் தடுமாறியது. அதன் நுழைவுச் சேவையும் அதில் மாட்டியது. அப்படி ஒரு நாளில் நீங்களாவது உள்ளே போக ஒரு பின்வாசல் வேண்டும்.

அந்தப் பின்வாசலுக்குத்தான் உங்கள் நண்பரின் வயர்கார்டு. அவர் சொல்வதில் பொய் இல்லை. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 பதிப்பில் அது கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே சேர்ந்தது. நிரல் 4,000 வரிகளை ஒட்டித்தான், அதனால் ஓட்டை தேடுவதும் அடைப்பதும் எளிது. சரியான சாவி இல்லாதவனுக்கு அது பதிலே சொல்லாது; தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. வைஃபை போய் 4ஜிக்கு மாறினாலும் இணைப்பு அறாது. புயலில் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. டிசிபி என்ற இணைய நெறியில் ஓடும் எஸ்எஸ்எல் விபிஎன் அந்த மாதிரிச் சிக்னலில் திக்கித் திணறும்.

ஆனால் வயர்கார்டுக்கு ஆட்களைத் தெரியாது, சாவிகளை மட்டும்தான் தெரியும். இரண்டாவது சரிபார்ப்பு அதற்குள் கிடையாது. நான் ஒரு முறை உதவப் போன அலுவலகத்தில், வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒருவரின் சாவி இன்னும் திறந்துகொண்டிருந்தது. அவர் நல்லவர், பயன்படுத்தவில்லை. யாருக்கு எந்தச் சாவி கொடுத்தோம் என்று ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தாளை எழுதியவரும் வேலையை விட்டிருந்தார். 60 பேருக்கு, ஒரு ஆள் கையால், வெறும் வயர்கார்டு வேண்டாம். அதன் மேல் நிர்வாகத்தைச் சேர்த்துத் தருபவைதான் முன்பு சொன்ன டெயில்ஸ்கேல், நெட்பேர்டு வகை. ஊழியர்கள் அலுவலக மின்னஞ்சல் கணக்கிலேயே நுழையலாம். அங்கேயும் ஒரு சோதனை: ஒரு போலி ஊழியர் கணக்கை உருவாக்கி, பிறகு முடக்கி, அவர் லேப்டாப் எத்தனை நேரத்தில் வெளியே தள்ளப்படுகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். சில சேவைகளில் அதற்குத் தனி இணைப்பு செய்யாவிட்டால் பழைய சாவி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால்: அளவான ஃபயர்வால், அதில் எஸ்எஸ்எல் விபிஎன் அணைக்கப்பட்டிருக்கும், ரோட்ரிக்ஸுக்கு ஐபிசெக். ஊழியர்களுக்கு, போர்ட் லூயியில் மையம் உள்ள அல்லது நேருக்கு நேர் இணைக்கும் ஒரு ஆள்வாரிச் சேவை. கிளவுட்ஃபிளேர் 50 பேர் வரை இலவசமாகத் தருகிறது. உங்களுக்கு அது போதாது, ஆனால் பத்துப் பேரை வைத்துச் சோதிக்கத் தாராளமாகப் போதும். உங்களுக்கும் இயக்குநர் நம்பும் இன்னொருவருக்கும் மட்டும் தனி வயர்கார்டு, சாவி இரண்டே இரண்டு.

இயக்குநரின் அட்டவணைக்கு ஒரு திருத்தம். ஃபயர்வால் லைசென்ஸ் பெரும்பாலும் 'ஒரே நேரத்தில் இத்தனை பேர்' என்ற கணக்கு; கிளவுட் 'மொத்தம் இத்தனை பேர்' என்ற கணக்கு. சாதாரண நாளில் முதலாவது மலிவாகத் தெரியும். கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை வந்த அன்று மொத்தமும் ஒரே நேரமும் ஒன்றாகிவிடும். ஆகவே இரண்டையும் 64 பேருக்கே போடச் சொல்லுங்கள், மூன்று ஆண்டுக்கு, டாலரை ரூபாயாக்கி, ரூபாய் சரிந்தால் என்ன என்று ஒரு வரியும் சேர்த்து. உங்கள் சனிக்கிழமைகளின் விலையையும் ஒரு வரியாகப் போடுங்கள். நான் கிண்டல் செய்யவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம், பலருடைய இரவுகளைத் தின்றது. அலுவலக நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால், பல வீட்டு ரவுட்டர்களும் அதே எண்ணில் இருக்கும். லேப்டாப் அலுவலகச் சர்வரைத் தேடி வீட்டு டிவியைப் பிடிக்கும். ஃபயர்வால் மாற்றும்போதே அலுவலக எண்களை 10இல் தொடங்கும் ஏதாவது அபூர்வமான வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு செய்ய மனம் வராது.

எந்தச் சேவையானாலும் கனெக்டர் உட்கார்ந்திருப்பது எபேனில்தான். அங்கே மின்சாரம் போனால் ஜீரோ டிரஸ்ட்டும் பூஜ்யம்தான். கனெக்டரை இரண்டு மெஷின்களில் போடுங்கள். இரண்டாவது இணைய லைனை வேறு கம்பெனியிலிருந்து, முடிந்தால் வேறு வகையில், ஒன்று ஃபைபர் என்றால் மற்றது 4ஜி அல்லது 5ஜி என்று எடுங்கள். யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது புதுப் பேட்டரிக்கான கணக்கு. 2020இல் வாங்கிய பேட்டரிக்கு அல்ல.

புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அறுபது பேரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லுங்கள். பத்து மணிக்கு எல்லோரும் உள்ளே இருக்கிறார்களா என்று பாருங்கள். பத்தரைக்கு முதல் இணைய லைனின் கேபிளைப் பிடுங்குங்கள். பதினொன்றுக்கு சர்வர் அறையின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இயக்குநரிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.